33 தலைக்கட்டும் ஒரு கோவில் கணக்கும்

எட்டாம் ஹென்றியைப் பற்றிக் கேள்விப்படாதவங்க கம்மி. ஆறு கல்யாணம், அதில் ரெண்டு ராணிகளோட தலையை வாங்கியது, போப்பாண்டவரோடு முறைச்சுக்கிட்டு தன்னையே திருச்சபைக்குத் தலைவராக்கிக் கொண்டது... சினிமா, சீரியல், நாவல்னு பிழிஞ்சு எடுத்துட்டாங்க. ஆனா லண்டன்ல இந்தக் கூத்தெல்லாம் நடந்துக்கிட்டு இருந்தப்போ, மேற்கே நூற்றைம்பது மைல் தள்ளி ஒரு பட்டிக்காட்டில் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தவன் என்ன நினைச்சான்? அவன் ஊர்க் கோவிலில் என்ன மாறிச்சு? அரண்மனை ஆவணங்களில் இதுக்கெல்லாம் பதில் கிடைக்காது. நல்லவேளையா ஒரு ஊரில் ஒரு பங்குச் சாமியார் வருஷா வருஷம் கோவில் கணக்கை எழுதி வச்சுட்டுப் போயிருக்கார்.

ஊர் பேர் மோர்பாத். டெவன் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், எக்ஸ்மூர் பொட்டல்காட்டு விளிம்பில் இருக்கு. மொத்தம் 33 குடும்பம். நம்ம பாஷையில் சொன்னா 33 தலைக்கட்டு. ஆள் கணக்கு நூற்றைம்பதைத் தாண்டாது. தொழில் ஆடு வளர்ப்பும் கொஞ்சம் விவசாயமும். சரித்திரப் புத்தகத்தில் அரை வரி கூட கிடைச்சிருக்க வேண்டாத ஊர்.

1520-ல் இந்த ஊருக்கு சர் கிறிஸ்டோபர் டிரிக்கி பங்குச் சாமியாராக வந்து சேர்ந்தார். ('சர்' பார்த்துட்டு பெரிய ஆள்னு நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் சாதாரணப் பாதிரியாரையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க.) வந்தவர் 1574-ல் சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். 54 வருஷம்! ஹென்றி, அவர் மகன் எட்வர்ட், மூத்த மகள் மேரி, இளைய மகள் எலிசபெத்னு நாலு ஆட்சி. இங்கிலாந்தின் மதம் கத்தோலிக்கத்தில் தொடங்கி, முன்னும் பின்னுமா ஆடி, கடைசியில் புராட்டஸ்டண்டில் வந்து நின்றது. அத்தனையும் இந்த ஒரு மனுஷன் கையெழுத்தில் ஆட்டு ரோமம், மெழுகு, சாராயம், ஜன்னல் கண்ணாடின்னு பென்ஸ் ஷில்லிங் கணக்கா பதிவாகியிருக்கு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஏமன் டஃபி 2001-ல் இதை வச்சு 'மோர்பாத்தின் குரல்கள்'னு ஒரு புத்தகமே எழுதினார். கணக்கு நோட்டுக்குள்ள இவ்வளவு கதையான்னு வாசிக்கிறப்போ அசந்துபோயிட்டேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடணும். இது பூட்டி வைக்கிற நோட்டு கிடையாது. வருஷக் கணக்கு முடிக்கிற நாளில் ஊர் மொத்தமும் கோவிலில் கூடி நிக்க, சாமியார் சத்தமா வாசிச்சுக் காட்டுறதுக்காக எழுதினது. யார் எவ்வளவு கொடுத்தாங்க, யார்கிட்ட எவ்வளவு பாக்கி, யாரோட ஆடு செத்துப் போச்சுன்னு பேர் சொல்லி வாசிப்பார். பாக்கி வச்சவன் கூட்டத்தில் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னிருப்பான், பாவம் :-)

இனி அந்தக் கோவில் நிர்வாகம் எப்படி நடந்ததுன்னு பார்ப்போம். எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

கோவில் புனித ஜார்ஜ் பேரில் உள்ளது. ஆனா உள்ளே மாதா, சிட்வெல், கால்நடைக்குக் காவலான வனத்து அந்தோணியார்னு பல சுரூபங்கள். ஒவ்வொருத்தர் முன்னாலும் விளக்கு எரியணும். இந்த விளக்கைப் பார்த்துக்க ஒவ்வொரு சுரூபத்துக்கும் தனித்தனியா ஒரு நிதி. அதுக்குப் பேர் 'ஸ்டோர்'. இதைத் தவிர ஊர் வாலிபர்களுக்குன்னு ஒரு ஸ்டோர், கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்டோர், இறந்தவங்க ஆன்மாவுக்காக எரியிற விளக்குக்கு ஒரு ஸ்டோர். ஒவ்வொண்ணுக்கும் வருஷா வருஷம் பொறுப்பாளர்கள் மாறுவாங்க. 33 வீடு இருக்கிற ஊரில் இத்தனை பதவி இருந்தா என்ன ஆகும்? எல்லா வீட்டுக்கும் என்னைக்காவது ஒரு நாள் முறை வந்தே தீரும். பொண்ணுங்க ஸ்டோருக்குப் பொண்ணுங்கதான் பொறுப்பு. மேலே மொத்தக் கோவில் கணக்கைப் பார்க்கிற தலைமைப் பொறுப்புக்கும் விதவைகள், பெண்கள் வந்திருக்காங்க. 16-ம் நூற்றாண்டுங்க! லண்டன் பார்லிமெண்டில் பெண் உறுப்பினர் உட்கார 1919 ஆச்சு.

பணம் எங்கேயிருந்து வரும்? பெரும்பாலும் ஆட்டில் இருந்து. ஒவ்வொரு ஸ்டோருக்கும் சொந்தமா சில ஆடுகள். ஆனா கோவிலுக்குன்னு பட்டியோ மேய்ப்பனோ கிடையாது. கோவில் ஆடு ஊர்க்காரங்க மந்தைக்குள்ள ஒண்ணு ரெண்டா கலந்து மேயும். நீ உன் ஆட்டோடு மாதா ஆட்டையும் மேய்க்கணும். ரோமம் வெட்டுறப்போ மாதாவுக்கு உள்ளதைத் தனியா எடுத்து வைக்கணும். ஆடு செத்தா கணக்கு சொல்லணும். (சோழர் கல்வெட்டில் நொந்தா விளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறுன்னு விடுவாங்களே, அது ஞாபகம் வந்தது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆடு வளர்க்கிறவனுக்கு சாமிக்கு விளக்கேத்தணும்னா கையில் இருக்கிற மூலதனம் ஆடுதானே.) மெழுகுக்காகத் தேனீக்களைக் காணிக்கையா கொடுத்தவங்களும் உண்டு.

அடுத்த வருமானம் சாராயம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். பார்லியில் வடிச்ச 'ஏல்' என்கிற பீர். கோவிலை ஒட்டி 'சர்ச் ஹவுஸ்'னு ஊர்ப் பொதுவீடு ஒண்ணு இருக்கும். வருஷத்தில் குறிப்பிட்ட நாளில் பொறுப்பாளர்கள் அங்கே ஏல் வடிச்சு, விருந்து வச்சு, பக்கத்து ஊர்க்காரங்களையும் கூப்பிட்டு விப்பாங்க. லாபம் கோவிலுக்கு. தலைமைப் பொறுப்பாளர்கள் ஒரு தடவை, வாலிபர்கள் ஒரு தடவைன்னு போட்டி போட்டு நடத்தியிருக்காங்க. ஊர் மொத்தமும் சாமி பேரைச் சொல்லி குடிச்சு, கூரை ரிப்பேர் செலவைத் தேத்தியிருக்கு.

சண்டையே இல்லாத சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. கோவில்பிள்ளை சம்பளத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு தானியம்னு ஒரு ஏற்பாடு. அதைத் தரமாட்டோம்னு சிலர் முறுக்கிக்க, 1530-களில் ஊரே ரெண்டுபட்டுப் போச்சு. பஞ்சாயத்து வருஷக்கணக்கா இழுத்து 1536-ல்தான் தீர்ந்தது. டிரிக்கி அந்தச் சமாதானப் பத்திரத்தை வரி விடாம நோட்டில் எழுதி வச்சிருக்கார். மறுபடி எவனும் 'அப்படிப் பேசலையே'ன்னு ஆரம்பிக்கக் கூடாதில்லையா.

சிட்வெல் பற்றியும் சொல்லணும். இவர் எக்சிட்டர் நகரத்துப் புனிதை. சொத்துக்கு ஆசைப்பட்ட மாற்றாந்தாய் ஏவிவிட, அறுப்பு அறுக்க வந்தவங்க அரிவாளால் அவர் தலையை வெட்டினதாகவும், அந்த இடத்தில் ஊற்று பொங்கினதாகவும் கதை. (நம்ம பக்கத்துக் கன்னித் தெய்வக் கதை மாதிரியே இல்ல?) டிரிக்கி இவருடைய சுரூபத்தைக் கொண்டுவந்து வச்சார். ஆரம்பத்தில் அவருக்கு மட்டும்தான் பக்தி. மெல்ல மெல்ல ஊருக்கும் பிடிச்சுப்போச்சு. ஜெபமாலை, மோதிரம்னு சிட்வெல்லுக்கு எழுதி வச்சுட்டுச் சாக ஆரம்பிச்சாங்க. அப்படி வந்த வெள்ளியில் சுரூபத்துக்கு ஒரு செருப்பே செஞ்சு போட்டாங்க.

1534 நவம்பரில் ஒரு திருடன் ஏணி போட்டு ஏறி கோவிலுக்குள்ள புகுந்து, திருக்கிண்ணத்தையும் அந்த வெள்ளிச் செருப்பையும் அடிச்சுட்டுப் போயிட்டான். கிண்ணம் இல்லாம பூசை எப்படி? ஊர்ப் பொதுப்பணத்தில் கை வைக்கலை. வாலிபர்களும் பொண்ணுங்களும் தங்களுக்குள்ளேயே வசூல் பண்ணி புதுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தாங்க. ஊருக்கு ஒரு பைசா செலவில்லைன்னு டிரிக்கி பெருமையா எழுதி வச்சிருக்கார். வாசிச்சப்போ அந்தப் பசங்க முகம் எப்படி இருந்திருக்கும்!

டிரிக்கிக்கு ஒரு நெடுநாள் ஆசை. செத்தவங்களுக்கான பூசையில் உடுத்த நல்ல கறுப்பு உடுப்பு ஒரு செட் வேணும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆன்மாக்களுக்காக ஊரே மனமுருகி வேண்டுற பூசை. அதைக் கந்தலில் செய்ய அவருக்கு மனசு வரலை. தனக்கு வரவேண்டிய சின்னச் சின்ன வரும்படியை எல்லாம் விட்டுக்கொடுத்து, ஊரையும் கொடுக்க வச்சு, இருபது வருஷம் காசு சேர்த்தார். 1547-ல் உடுப்பு வந்து சேர்ந்தது.

எந்த வருஷம்னு கவனிச்சீங்களா? அதே 1547 ஜனவரியில்தான் ஹென்றி செத்து, ஒன்பது வயசு எட்வர்ட் பட்டத்துக்கு வந்தான். அவனைச் சுத்தி இருந்தவங்க தீவிர புராட்டஸ்டண்ட்டுகள். செத்தவங்களுக்கு வேண்டுறதே மூடநம்பிக்கைன்னு அறிவிச்சாங்க. இருபது வருஷச் சேமிப்பு ரெண்டு வருஷம் கூட முழுசா பயன்படலை.

ஹென்றி காலத்திலேயே ஆரம்பிச்சதுதான். 1536-ல் பக்கத்தில் இருந்த பார்லிஞ்ச் மடம் மூடப்பட்டது. அங்கிருந்த ஒரு கண்ணாடி ஜன்னல் மோர்பாத் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. 1538-ல் தாமஸ் கிராம்வெல் (ராஜாவைக் கொன்ன ஆலிவர் இல்லை, இவர் அதுக்கு நூறு வருஷம் முந்தின ஹென்றியின் மந்திரி) போட்ட உத்தரவில் மூணு விஷயம் முக்கியம். கோவிலில் ஆங்கில பைபிள் வைக்கணும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் பதிவேட்டில் எழுதணும். சுரூபங்கள் முன்னால் விளக்கு எரியக்கூடாது. மூணாவது வரியைப் பாருங்க. விளக்கு எரியக்கூடாதுன்னா விளக்குக்கான ஸ்டோர் எதுக்கு? ஸ்டோர் இல்லைன்னா ஆடு எதுக்கு? பொண்ணுங்க எதுக்குக் கூடணும்? லண்டனில் உட்கார்ந்து எழுதினவனுக்கு அது விக்கிரக வழிபாட்டை நிறுத்துற சாதாரண வரி. மோர்பாத்தில் அது ஊர் நிர்வாகத்தின் அஸ்திவாரத்தில் கை வச்சது.

எட்வர்ட் காலத்தில் அது முழுசா நடந்து முடிஞ்சது. சுரூபங்கள் இறங்கின. ஸ்டோர்கள் கலைக்கப்பட்டன. கோவில் ஆடுகளை வித்தாங்க. ஏல் விருந்தும் நின்னுபோச்சு. 1548-ல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லூசி சீலி என்கிற பெண். தலைமுறை தலைமுறையா சேர்த்ததை வித்துத் தீர்க்கிற கணக்கு அவர் தலையில் விழுந்தது. சில பொருட்கள் மட்டும் சத்தமில்லாம யார் யாரோ வீட்டுக்குப் போய் ஒளிஞ்சுக்கிச்சு. வருமானம் நின்னுபோனாலும் உத்தரவுச் செலவு நிக்கலை. புது ஜெபப் புத்தகம் வாங்கணும், சரக்குப் பட்டியல் எழுதி அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டணும், அவங்க இருக்கிற ஊருக்கு அலையணும். கோவில் கடனில் விழுந்தது. ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்னு கணக்கு சொன்ன இடத்தில் ஒரே ஒரு கணக்குதான் மிஞ்சியது.

சீர்திருத்தக்காரங்க சொன்னதில் நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. சொந்த பாஷையில் வேதம் வாசிக்கிறது பெரிய விஷயம். லத்தீன் முணுமுணுப்பைக் கேட்டு ஜனங்க எவ்வளவு புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க? ஆனா சுரூபத்தைக் கும்பிடுறது தப்புன்னு சொல்லி எடுத்தவங்க, அந்தச் சுரூபத்தைச் சுத்தி ஒரு ஊர் கூடி உட்காரக் கத்துக்கிட்டிருந்ததைப் பார்க்கவே இல்லை. இதுதான் என் வருத்தம்.

1549-க்கு வருவோம். ஜூன் மாசம் பெந்தெகொஸ்தே ஞாயிறு முதல் எல்லாக் கோவிலிலும் புது ஆங்கில ஜெபப் புத்தகம்தான்னு சட்டம். மறுநாளே டெவனில் சாம்ஃபோர்ட் கோர்ட்னி என்கிற ஊரில் ஜனங்க பழைய பூசையே வேணும்னு சாமியாரை மடக்கிட்டாங்க. தீ பரவின மாதிரி டெவன், கார்ன்வால் முழுக்கக் கிளர்ச்சி. ஆட்டுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு புதுசா ஒரு வரி வேற அதே வருஷம் வந்திருந்தது. ஆடு வளர்க்கிற ஊர்க்காரனுக்கு எரியிற தீயில் எண்ணெய். ஜூலையில் எக்சிட்டர் நகரத்தையே முற்றுகை போட்டாங்க.

மோர்பாத் அதுவரைக்கும் எந்த உத்தரவையும் எதிர்க்காத ஊர். முணுமுணுத்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சு, செலவையும் எழுதி வச்ச ஊர். அந்த நோட்டில் இந்த வருஷக் கணக்கில் ஐந்து இளைஞர்கள் பேர் வருது. வில்லியம் ஹர்லி, தாமஸ் பரேஜ், ஜான் டைம்வெல், கிறிஸ்டோபர் மோர்ஸ், ராபர்ட் சாயர். இவங்க எக்சிட்டர் மதிலுக்கு வெளியே இருக்கிற செயிண்ட் டேவிட்ஸ் டவுன் என்கிற மேட்டுக்குப் புறப்பட்டப்போ ஊர்ப் பணத்தில் இருந்து வழிச்செலவும் வாளும் வில்லும் கொடுத்ததா கணக்கு. அந்த மேட்டில் அப்போ கிளர்ச்சிக்காரங்க முகாம் இருந்தது. ஐந்து பேரும் கிளர்ச்சியில் சேரத்தான் போனாங்கன்னு டஃபி முடிவு கட்டுறார். எனக்கும் வேற மாதிரி வாசிக்கத் தோணலை. ராஜத்துரோகச் செலவை ரசீது போட்டு கோவில் கணக்கில் எழுதின ஊர் இது ஒண்ணாத்தான் இருக்கும்! பழக்கம் விடலை பாருங்க. ஊர்க்காசு போனா ஊருக்குக் கணக்கு சொல்லியாகணும்.

33 வீட்டில் ஐந்து வாலிபர்கள். கிண்ணம் வாங்க காசு சேர்த்த வாலிபர்களுக்கு அடுத்த செட்டு இவங்க. இவங்க கூடுறதுக்கு ஸ்டோர் இல்லை, நடத்துறதுக்கு விருந்து இல்லை.

ஆகஸ்டில் அரசுப் படை வந்து கிளர்ச்சியை நசுக்கியது. ஆயிரக்கணக்கில் சாவு. கிளிஸ்ட் சண்டையில் பிடிபட்ட கைதிகளை மொத்தமா கழுத்தறுத்துக் கொன்னாங்க. எக்சிட்டருக்கு வெளியே புனித தோமையார் கோவில் சாமியாரை, பூசை உடுப்போடவே அவர் கோவில் கோபுரத்தில் தூக்கில் தொங்கவிட்டாங்க. மோர்பாத்தில் டிரிக்கி மறுபடி பேனாவை எடுத்து அடுத்த செலவை எழுத ஆரம்பிச்சார்.

1553-ல் எட்வர்ட் செத்து மேரி வந்தார். மறுபடி கத்தோலிக்கம். நோட்டில் குரலே மாறுது. ஒளிஞ்சு கிடந்த பொருட்கள் ஒவ்வொண்ணா வெளியே வருது. ஒருத்தர் வீட்டில் இருந்து மாதா சுரூபம், இன்னொருத்தர் வீட்டில் இருந்து அருளப்பர், வேறொருத்தர் வீட்டில் இருந்து மரவேலைப்பாட்டின் துண்டுகள். பிடிபட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரிஞ்சும் வச்சிருந்திருக்காங்க. டிரிக்கி ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிப் பாராட்டி எழுதினார். ஏல் விருந்து திரும்பியது, கடன் அடைஞ்சது. ஆனா பழைய ஸ்டோர் ஏற்பாடு அப்படியே திரும்பி வரலை. பத்துப் பதினைஞ்சு வருஷம் விட்டுப்போன பழக்கம் உத்தரவு போட்டா வந்துடுமா என்ன?

1558-ல் மேரியும் போய்ச் சேர, எலிசபெத். மறுபடி பீடத்தை இடி, புத்தகத்தை மாத்து. டிரிக்கி அதையும் செஞ்சார்.

இதைக் கேட்டா உடனே 'பச்சோந்தி'ன்னு சொல்லத் தோணும். இங்கிலாந்தில் இதுக்குன்னே 'பிரே ஊர்ச் சாமியார்'னு ஒரு கிண்டல் பாத்திரம் உண்டு, ராஜா மாறினா மதம் மாறி பதவியைக் காப்பாத்திக்கிறவர். டிரிக்கியை அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரலை. வேற வழின்னா ராஜினாமா பண்ணிட்டுப் போயிருக்கலாம். வர்ற புதுச் சாமியாருக்கு மோர்பாத்தில் யார் ஆடு எதுன்னு தெரியுமா? யார் தாத்தா என்ன கொடுத்தார்னு தெரியுமா? ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சு, அவங்க பிள்ளைகளையும் பார்த்த மனுஷன். அவருக்கு மதம்னா கொள்கைப் பட்டியலா இருந்ததை விட, அந்த 33 வீடாத்தான் அதிகம் இருந்திருக்கும்னு படுது. கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவங்களைக் குறைச்சு சொல்லலை. ஊருக்காகக் கொள்கையை விழுங்கினவனுக்கும் ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கும் இல்லையா?

அதுக்கப்புறம் அரசாங்கத்துக்குப் பங்கு என்கிற அமைப்பு ரொம்ப வசதியாப் போச்சு. 1555-ல் சாலை பராமரிப்பை அந்தந்தப் பங்கின் தலையில் கட்டினாங்க. 1601-ல் ஏழைகளைப் பராமரிக்க வரி வசூலிக்கிற வேலையும் வந்தது. கோவில் பொறுப்பாளர்னா சர்க்காரின் அடிமட்ட உத்தியோகஸ்தர்னு ஆச்சு. கோவிலில் இருந்து பிரிச்சுத் தனியா ஊராட்சி மன்றம்னு அமைச்சது 1894-ல்தான். மூணு நூற்றாண்டா இங்கிலாந்துக் கிராமத்தில் அரசாங்கத்தின் முகம் கோவில்தான். அந்த வேலையை ஒழுங்காச் செஞ்ச பங்குகள் எத்தனையோ உண்டு. ஆனா எஜமானர்களும் வசதியான சில விவசாயிகளும்தான் மெல்ல மெல்ல கணக்கு பார்த்தாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க எழுந்து நின்னு, எங்க வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவுன்னு சொன்ன காட்சி திரும்பலை.

டிரிக்கி 1574-ல் இறந்தார். மோர்பாத் கோவிலிலேயே அடக்கம். அவர் நோட்டை 1904-ல் பின்னி என்பவர் அச்சில் கொண்டுவந்தார். மூலம் இன்னும் டெவன் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. ஐந்து பையன்கள் வாளும் வில்லுமா கிளம்பிப் போனாங்களே, அதே எக்சிட்டரில்.